வடசென்னை அனல்மின் நிலையங்களை மூட எங்கிருந்து கணக்குப் போடுவது?

எண்ணூர்ப் பக்கம் குடியிருப்பதாகவும் சாம்பலையும் புகையையும் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டதாகவும் சொல்லி, "இங்கிருக்கும் அனல்மின் நிலையங்களை எல்லாம் 2040க்குள் மூடிவிட்டு முழுக்கச் சூரியசக்திக்கும் காற்றாலைக்கும் மாற முடியுமா, அதற்கு எத்தனை ஏக்கரில் சோலார் போட வேண்டும்" என்று கேட்டிருக்கிறீர்கள். ஏக்கரைக் கேட்டாலும், எதை முதலில் செய்வது, எதை அப்புறம் செய்வது, கரண்டும் போகாமல் அங்கே பிழைக்கிறவர்களும் நடுத்தெருவில் நிற்காமல் இதைச் செய்ய ஒரு வரிசை இருக்கிறதா என்பதுதான் உங்கள் கேள்வி என்று புரிந்துகொள்கிறேன். அப்படி ஒரு வரிசை இருக்கிறது. நான் மின்தொகுப்பை இயக்கும் கட்டுப்பாட்டு அறையில் பல வருடம் ஷிப்ட் பார்த்தவன், இப்போது ஓய்வில் இருக்கிறேன். தொகுப்பை எப்படி ஓட்டுவது, லைன் எங்கே போக வேண்டும் என்பதில் நான் சொல்வதை நம்பலாம். கழிமுகம், மீன்வளம், நில எடுப்பு இதெல்லாம் என் துறை இல்லை, அந்த இடம் வரும்போது அக்கம்பக்கத்துக் குடிமகனாகத்தான் பேசுவேன்.

முதலில் ஏக்கர் கணக்கு. வடசென்னை அனல்மின் நிலையத்தின் இரண்டாம் கட்டத்தில் 600 மெகாவாட் அலகுகள் இரண்டு இருக்கின்றன. அதில் ஒன்று முக்கால் பங்கு திறனில் நாள் முழுக்க ஓடினால் 1 கோடியே 8 லட்சம் யூனிட் கிடைக்கும். நம் ஊர் வெயிலுக்கு 1 மெகாவாட் சோலார் சராசரியாக ஒரு நாளைக்கு 4,500 யூனிட் பக்கம் தரும். ஆக, அந்த ஒரே ஓர் அலகுக்கு ஈடுகட்ட 2,400 மெகாவாட் சோலார் வேண்டும், மெகாவாட்டுக்கு 4 முதல் 5 ஏக்கர் என்று வைத்தால் ஏறக்குறைய 10,000 ஏக்கர். ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016-ல் வந்த 648 மெகாவாட் சோலார் நிலையம் 2,500 ஏக்கரில் இருக்கிறது, அதுபோல நாலு. அத்திப்பட்டு, வல்லூர் வட்டாரத்தில் இன்று இருப்பது முதல் கட்டம் 630, இரண்டாம் கட்டம் 1,200, 2024-ல் திறந்த மூன்றாம் கட்டம் 800, வல்லூர் 1,500, எல்லாம் சேர்த்து 4,130 மெகாவாட். பெருக்கிப் பார்த்தால் 70,000 ஏக்கரை ஒட்டி வரும். காற்றாலையையும் கலந்தால் இது நன்றாகக் குறையும், காற்றாலைக்கு அடியில் விவசாயமும் பார்க்கலாம்.

இந்தக் கணக்கில் தப்பு ஒன்றும் இல்லை, ஆனால் இதை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஒரு நிலையத்தைக்கூட மூட முடியாது. 70,000 ஏக்கரிலும் சோலார் போட்டு முடித்த பிறகும் சாயங்காலம் ஏழு மணிக்கு அதிலிருந்து வருவது பூஜ்யம். வருடத்துக்கு இத்தனை யூனிட் என்று போடுகிற எல்லாத் திட்டமும் தடுக்கி விழுகிற இடம் இதுதான். அந்த மணிக்கு எரிகிற விளக்குக்கு அந்த மணியில் எங்கிருந்தாவது மின்சாரம் வந்தாக வேண்டும். மத்தியானம் மிச்சமாக வந்தது என்று சொல்லிச் சமாளிக்க முடியாது.

தமிழ்நாட்டின் உச்சத் தேவை 2024 மே 2 அன்று 20,830 மெகாவாட்டைத் தொட்டது. முன்பெல்லாம் இரவு பத்து மணிக்கு மேல் லோடு மளமளவென்று இறங்கிவிடும், ஷிப்டில் இருக்கிறவர்கள் அப்போதுதான் ஒரு டீ குடிப்பார்கள். இப்போது கோடை இரவுகளில், குறிப்பாகச் சென்னையில், நள்ளிரவு வரைகூட அது இறங்குவதில்லை. எல்லார் வீட்டிலும் ஏசி. அம்பத்தூரில் கம்பெனி லோடு குறைகிற நேரத்தில் வேளச்சேரியிலும் பெரம்பூரிலும் படுக்கையறை லோடு ஏறுகிறது. சூரியன் போன பிறகு வருகிற இந்த ஆறேழு மணி நேரம்தான் இன்று வடசென்னை நிலையங்கள் உங்களுக்குச் செய்யும் வேலையின் கனமான பகுதி.

காற்று அதற்கு உதவும், ஆனால் அதற்கென்று ஒரு சீசன் இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, கம்பம், பாலக்காட்டுக் கணவாய்கள் வழியாகப் பாய்கிற மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை நம் காற்றாலைகள் கொட்டித் தீர்க்கும். நல்ல காற்று நாளில் 10 கோடி யூனிட்டுக்கு மேல் வந்திருக்கிறது, மாநிலத்தின் ஒரு நாள் நுகர்வில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு. ஒரு ஜூன் மாத ராத்திரி இன்னும் கண்ணில் நிற்கிறது. திரையில் காற்றாலைக் கோடு இரண்டு மணி நேரத்துக்குள் ஆயிரம் மெகாவாட்டுக்கு மேல் ஏறியது, ஊரெல்லாம் தூங்குகிறது, வாங்க ஆள் இல்லை. ஒவ்வோர் அனல் நிலையமாகப் போன் போட்டு இறக்கச் சொன்னோம். ஓர் அளவுக்கு மேல் எதிர்முனையில், "சார், இதுக்குக் கீழே போனா ஆயில் போட்டுத்தான் சுடரைப் பிடிச்சு வெக்கணும்" என்றார்கள். அவர்கள் சொன்னது நியாயம். நிலக்கரி பாய்லரை அடுப்பு மாதிரி திருகிக் குறைக்க முடியாது, ஏறக்குறைய பாதித் திறனுக்குக் கீழே தீ நிலைத்து எரியாது, அணைத்துவிட்டால் மறுபடி குளிர்ந்த நிலையிலிருந்து ஏற்ற பத்து மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும். கடைசியில் காற்றாலைகளை நிறுத்தச் சொன்னோம். இலவசமாக வீசுகிற காற்றை விட்டுவிட்டு ஒடிசாவிலிருந்து கப்பலில் வந்த கரியை எரித்தோம். அந்த ராத்திரி என் மனதை அறுத்தது.

அதே திரையில் நவம்பரையும் பார்த்திருக்கிறேன். மழை பிடித்துக்கொண்ட வாரம், வானம் மூடிக் கிடக்கிறது, காற்றும் இல்லை. மாநிலத்தில் எட்டாயிரம் மெகாவாட்டுக்கு மேல் காற்றாலை நட்டிருந்த காலம் அது, திரையில் தெரிந்ததோ சில நூறு. இது ஒருநாள் இரண்டு நாள் சமாசாரம் இல்லை, சேர்ந்தாற்போல நாலைந்து நாள் இப்படியே போகும்.

அதனால் நீங்கள் திட்டம் போட உட்கார்ந்தால் முதலில் ஓர் எக்செல் ஷீட்டில் மேலே 12 மாதம், பக்கவாட்டில் 24 மணி என்று 288 கட்டம் போடுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் அந்த மாதத்தின் அந்த மணிக்குச் சராசரித் தேவை எவ்வளவு, சூரியன் எவ்வளவு, காற்று எவ்வளவு, நீர்மின்சாரமும் கூடங்குளமும் எவ்வளவு என்று நிரப்பிக் கழித்தால் மிஞ்சுவது நிலக்கரியின் இன்றைய வேலை. ஜூன் முதல் செப்டம்பர் வரை பகல் கட்டங்கள் கிட்டத்தட்டக் காலியாகும். பிப்ரவரி முதல் மே வரை காலை பத்திலிருந்து நாலு மணி வரை அடுத்தபடியாக எளிது. ஏப்ரல், மே மாதங்களில் மாலை ஆறிலிருந்து நள்ளிரவு வரை கஷ்டம். அக்டோபர் கடைசி முதல் டிசம்பர் நடு வரை இருப்பதுதான் எல்லாவற்றிலும் கடினம். நிலக்கரியை வெளியேற்றும் வரிசையும் இதேதான், எளிய கட்டத்திலிருந்து கடினமான கட்டத்துக்கு. எந்த வருடம் எந்த நிலையத்தை மூடுவது என்ற கேள்வியை இந்த ஷீட்டைப் பார்க்காமல் எடுக்கவே கூடாது.

கோடை மாலைக்கு வழி தெரிந்தாகிவிட்டது, செய்வதுதான் பாக்கி. நீரேற்று மின்நிலையம் நமக்குப் புதிதில்லை, வால்பாறை மலையில் காடம்பாறையில் 400 மெகாவாட் 1980களின் கடைசியிலிருந்து இருக்கிறது, மின்சாரம் மிச்சமிருக்கும்போது தண்ணீரை மேலே ஏற்றி, தேவைப்படும்போது கீழே விட்டு டர்பைனைச் சுற்றுவது. நீலகிரியில் குந்தாவில் இன்னொரு 500 மெகாவாட் கட்டுமானத்தில் இருக்கிறது. ஆனால் மலையில் சுரங்கம் குடைந்து அணை கட்டுவதென்றால் பத்து வருடம் சுலபமாகப் போய்விடும், காட்டையும் பார்க்க வேண்டும். பேட்டரி அப்படி இல்லை, ஒன்றரை இரண்டு வருடத்தில் வந்துவிடும். 2022-ல் மத்திய அரசு நிறுவனத்தின் டெண்டரில் ஒரு மெகாவாட் பேட்டரிக்கு மாத வாடகை 10.8 லட்சம் ரூபாய் பக்கம் இருந்தது, மூன்று வருடத்துக்குள் இரண்டரை லட்சத்துக்கும் கீழே கேட்க ஆரம்பித்துவிட்டார்கள், அதில் மத்திய மானியமும் சேர்ந்திருக்கிறது என்றாலும் சரிவு சரிவுதான். இந்த விலை எங்கே போய் நிற்கும் என்பதை வைத்து யாரும் சத்தியம் பண்ண முடியாது, செல் முக்கால்வாசி சீனாவிலிருந்து வருகிறது. அளவைச் சொல்கிறேன்: 500 மெகாவாட்டை நாலு மணி நேரம் தரும் பேட்டரி என்றால் 20 லட்சம் யூனிட். வடசென்னையின் 4,130 மெகாவாட்டையும் ஐந்து மணி நேரம் பிடித்து நிறுத்த 2 கோடி யூனிட் வேண்டும். ஆக அதுபோலப் பத்து. பெரிய வேலைதான், ஆனால் எட்டாத உயரம் இல்லை.

பேட்டரியை விட மலிவான ஒரு வழி இருக்கிறது, அதை ஏனோ நகரத்தில் யாரும் பேசுவதில்லை. மாநிலத்தில் 20 லட்சத்துக்கு மேல் விவசாய பம்புசெட்கள் ஓடுகின்றன. மும்முனை மின்சாரத்தை இவர்களுக்குப் பகலில் பாதி, ராத்திரியில் பாதி என்று பிரித்துக் கொடுப்பது பழைய பழக்கம், ஏனென்றால் அந்தக் காலத்தில் ராத்திரிதான் மின்சாரம் மிஞ்சும். திருவண்ணாமலைப் பக்கம் என் சித்தப்பா ராத்திரி பதினொரு மணிக்கு ஒரு கையில் டார்ச், ஒரு கையில் கம்போடு வரப்பில் நடந்து போய் மோட்டார் போடுவார், பாம்புக்குப் பயந்து கம்பால் தட்டித் தட்டிக்கொண்டே போவார். இன்று மத்தியானம்தான் மின்சாரம் மிஞ்சுகிறது. விவசாய ஃபீடர்களை, அதாவது துணை மின்நிலையத்திலிருந்து பம்புசெட்டுகளுக்குப் போகும் லைன்களை, தனியாகப் பிரித்து முழுக்க வெயில் நேரத்துக்கு மாற்றினால் ராத்திரி லோடு அப்படியே குறையும், சித்தப்பா மாதிரி ஆட்கள் ராத்திரி வீட்டில் தூங்கலாம். ஃபீடருக்குப் பக்கத்திலேயே சோலார் வைக்க மத்திய அரசின் குசும் திட்டத்தில் உதவியும் இருக்கிறது. அதேபோல வெயில் நேரத்தில் கட்டணத்தை 10 முதல் 20 சதவீதம் குறைத்து உச்ச நேரத்தில் கூட்ட 2023-லேயே மத்திய விதிகளில் வழி செய்திருக்கிறார்கள். ஏசி கோடவுன், மெட்ரோ குடிநீரை ஏற்றும் பம்பு, மின்சார பஸ் சார்ஜிங், இதையெல்லாம் மத்தியானத்துக்குத் தள்ள முடியும். வீட்டு மாடி சோலாரும் நல்லதே, 3 கிலோவாட்டுக்கு மத்திய மானியம் 78,000 ரூபாய் வருகிறது, 300 சதுர அடி நிழல் விழாத மாடி இருந்தால் போடுங்கள், ஆனால் அதுவும் பகல் மின்சாரம் என்பதை மறக்க வேண்டாம்.

நவம்பர்தான் சிக்கல். நாலு மணி நேர பேட்டரி நாலு நாள் மூட்டத்துக்குப் போதாது. இதற்கு மூன்று பதில் சொல்வார்கள், ஒவ்வொன்றையும் நான் எந்த அளவுக்கு நம்புகிறேன் என்று சொல்கிறேன். முதலாவது, வெளிமாநிலத்திலிருந்து வாங்குவது. ராஜஸ்தானில் நவம்பரில் வானம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கும். அதை இங்கே கொண்டுவர, சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து கரூர் மாவட்டம் புகளூர் வரை 800 கிலோவோல்ட் நேர்மின் லைன், 6,000 மெகாவாட் திறன், 1,700 கிலோமீட்டருக்கு மேல் நீளம், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. காற்று சீசனில் நம் மிச்சத்தை வடக்கே அனுப்பவும் அதே லைன் உதவும். 2013 டிசம்பர் 31 வரை தென்மாநிலத் தொகுப்பு நாட்டின் மற்ற பகுதியோடு ஒரே அலைவரிசையில் சேராமல் தனித் தீவாக இருந்ததை நினைத்தால் இது எவ்வளவு பெரிய மாற்றம் என்று தெரியும். இது நிச்சயம் வேலை செய்யும். இரண்டாவது, மன்னார் வளைகுடாவில் கடல் காற்றாலை. அங்கே காற்று கரையில் இருப்பதை விடச் சீராக இருக்கும், 2024-ல் மத்திய அமைச்சரவை குஜராத்துக்கும் நமக்கும் தலா 500 மெகாவாட்டுக்கு நிதி ஒதுக்கியது. விலை அதிகம், துறைமுக வசதி வேண்டும், மீனவர்களோடு உட்கார்ந்து பேச வேண்டும். இதை நம்பி ஒரு தேதியை நான் எழுத மாட்டேன். மூன்றாவது, பசுமை ஹைட்ரஜனை, அதாவது சூரிய, காற்று மின்சாரத்தால் தண்ணீரிலிருந்து பிரித்தெடுக்கும் வாயுவை, சேமித்து எரிப்பது. இப்போதைக்கு இதைத் திட்டத்தின் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

ஆகவே என் கணிப்பு இப்படி: 2030களின் கடைசியில் வருடத்தின் பெரும்பாலான மணிகளில் வடசென்னையில் கரி எரிக்காமல் ஓட்ட முடியும். ஐப்பசி கார்த்திகைக்கென்று ஒன்றிரண்டு அலகுகளைப் பராமரித்து நிறுத்தி வைக்க வேண்டியிருக்கும். 2040-ல் அதையும் மூட முடியுமா என்பது பேட்டரியையும் வடக்கு லைனையும் நம் ஏசி பசியையும் பொறுத்தது. முழுக்க மூடுவோம் என்று வாக்குக் கொடுப்பதை விட, எரிக்கும் மணிகளை வருடா வருடம் குறைத்துக் காட்டுவது எண்ணூர்க்காரர்களுக்கு உடனே பலன் தரும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் சாம்பல் எரித்த டன்னுக்கு ஏற்பத்தான் வருகிறது.

அடுத்தது லைன், என் அனுபவத்தில் ஆட்கள் கடைசியில் நினைப்பதும் முதலில் செய்ய வேண்டியதும் இதுதான். சோலார் நிலையத்தை ஒன்றரை வருடத்தில் கட்டிவிடலாம். 400 கிலோவோல்ட் லைனுக்கு நாலைந்து வருடம், கோபுரத்துக்கு நிலம் தர மறுக்கிற ஒரே ஒரு தோட்டக்காரர் ஒரு வருடம் நிறுத்தி வைத்ததைப் பார்த்திருக்கிறேன், அவர் பக்கமும் நியாயம் இருந்தது, இழப்பீடு அவ்வளவு குறைவு. நம் காற்றும் வெயிலும் திருநெல்வேலி, தூத்துக்குடி, தேனி, திருப்பூர்ப் பக்கம் இருக்கிறது. காவிரியில் கடைமடை எப்படியோ அப்படித்தான் இந்தத் தொகுப்பில் சென்னை. கயத்தாறிலும் தப்பகுண்டிலும் 400 கிலோவோல்ட் துணை மின்நிலையங்கள் வந்த பிறகுதான் தெற்கின் காற்று ஓரளவு மேலே வர ஆரம்பித்தது.

இன்னொரு விஷயம் வெளியில் யாருக்கும் தெரியாது. வடசென்னை நிலையங்கள் யூனிட் மட்டும் தருவதில்லை, சென்னையின் வோல்டேஜைத் தாங்கிப் பிடிக்கின்றன. கடைமடையில் வாய்க்காலில் தண்ணீர் வந்தாலும் மட்டம் இருந்தால்தானே வயலில் ஏறும், அதுபோல. 600 கிலோமீட்டர் தள்ளியிருந்து எவ்வளவு மின்சாரம் அனுப்பினாலும், கோடையில் லட்சக்கணக்கான ஏசி மோட்டார்கள் இழுக்கும்போது பக்கத்தில் ஒரு கனமான ஜெனரேட்டர் சுற்றாவிட்டால் நகரத்தில் வோல்டேஜ் தொங்கிவிடும். இதற்கு வழி இருக்கிறது. ஜெர்மனியில் பிப்லிஸ் அணுமின் நிலையத்தை மூடியபோது அதன் ஒரு ஜெனரேட்டரை மட்டும் டர்பைனிலிருந்து கழற்றி, வோல்டேஜைத் தாங்குவதற்கென்றே 2012 முதல் சுற்றவிட்டார்கள். கரி வேண்டாம், புகை வராது. அத்திப்பட்டில் மூடப்போகும் முதல் அலகில் இதைச் செய்து பார்க்கலாம். பேட்டரியையும் நகரத்துக்கு இந்தப் பக்கமே வைக்கலாம். பழைய எண்ணூர் அனல்மின் நிலையம், 1970-ல் தொடங்கி 450 மெகாவாட்டாக வளர்ந்தது, 2017 மார்ச்சோடு நின்றுவிட்டது. அதுபோன்ற இடங்களில் நிலமும் லைன் வந்து சேரும் வசதியும் ஏற்கெனவே இருக்கின்றன. புதிதாக ஒரு தோட்டத்தை எடுக்க வேண்டியதில்லை.

நிலத்தைப் பற்றிப் பேசும்போது முப்பந்தலை விட்டுவிடக் கூடாது. அங்கேயும் ஆரல்வாய்மொழியிலும் காற்று மிக நன்றாக வீசும் இடத்தையெல்லாம் 1990களில் நட்ட 225, 250 கிலோவாட் குட்டிக் காற்றாலைகள் பிடித்துக்கொண்டிருக்கின்றன. இன்று ஒரே காற்றாலை இரண்டு மூன்று மெகாவாட், உயரமும் மூன்று மடங்கு. பழையதைக் கழற்றிப் புதிதை நட 2024-ல் மாநில அரசு ஒரு கொள்கை கொண்டுவந்தது. சின்னச் சின்ன உரிமையாளர்கள் பலர் என்பதால் ஒருவர் இடத்தில் கோபுரம், இன்னொருவர் இடத்தில் இறக்கை நிழல் என்று தகராறு வரும், அதைத் தீர்த்துவைக்க ஆள் போட்டால் புதிய நிலமே எடுக்காமல் நிறையக் கிடைக்கும்.

மூடும் வரிசைக்கு வருவோம். முதல் கட்டத்தின் 210 மெகாவாட் அலகுகள் மூன்றும் 1990களின் நடுவில் வந்தவை, முப்பது வயது, அவைதான் முதலில். அதற்கும் முன்னால், நாளைக்கே செய்யக்கூடியது ஒன்று: ஜூன் முதல் செப்டம்பர் வரை அவற்றை முழுக்க நிறுத்தி, வருடாந்திரப் பராமரிப்பை அந்த மாதங்களுக்கு மாற்றுவது. தினமும் ஏற்றி இறக்கினால் பாய்லர் குழாய் வெடிக்கும், மொத்தமாக நிறுத்தினால் பிரச்சினை இல்லை. அப்புறம் இரண்டாம் கட்டம், வல்லூர். 2024-ல் வந்த 800 மெகாவாட் அலகு கடைசியில், ஏனென்றால் அது ஒரு யூனிட்டுக்கு எரிக்கும் கரி குறைவு, நவம்பருக்கு நிறுத்தி வைப்பதென்றால் அதைத்தான் வைப்போம். பணமும் இங்கே குறுக்கே நிற்கும். புதிய நிலையம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் 25 வருடத்துக்குக் கடனும் நிலைக்கட்டணமும் கட்டியாக வேண்டும், மின்துறையின் கடன் ஏற்கெனவே ஒன்றரை லட்சம் கோடிக்கு மேல். அதனால்தான் இந்த வட்டாரத்தில் இனி ஒரு புதிய நிலக்கரி அலகுக்குக்கூட அடிக்கல் நாட்டக் கூடாது என்கிறேன். இன்று கையெழுத்துப் போட்டால் 2055 வரை கட்டிப்போட்டுவிடும்.

கடைசியாக மனிதர்கள், இதை நான் வெளியாளாகத்தான் சொல்ல முடியும். நமக்குச் சொந்தக் கரி இல்லை, தால்சேரில் வெட்டி, பாரதீப்பில் ஏற்றி, எண்ணூரில் காமராஜர் துறைமுகத்தில் இறக்குகிறார்கள். அதனால் ஜெர்மனி மாதிரி சுரங்க ஊர்களைக் காப்பாற்றும் பிரச்சினை இந்த வட்டாரத்துக்கு இல்லை, அது நெய்வேலிக்கு உண்டு, அங்கே பழுப்பு நிலக்கரி என்பதால் கதையே வேறு. இங்கே பாதிக்கப்படப் போவது யார்? நிரந்தர ஊழியரை வேறு நிலையத்துக்கு மாற்றிவிடலாம். கன்வேயர் பெல்ட்டில் கரி தள்ளுகிற, சாம்பல் குழாய் அடைப்பெடுக்கிற ஒப்பந்தத் தொழிலாளியின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் ஒழுங்காக இருக்காது. அத்திப்பட்டு புதுநகர் ஸ்டேஷனில் காலை ஷிப்டுக்கு இறங்குகிறவர்களைப் பாருங்கள், பாதிப் பேர் அவர்கள்தான். அப்புறம் சாம்பல் லாரிக்காரர், சாம்பல் செங்கல் சூளைக்காரர், ஸ்டேஷன் வாசலில் இட்லிக் கடை வைத்திருக்கும் அம்மா. தென்னாப்பிரிக்காவில் கோமாட்டி நிலையத்தை 2022-ல் மூடினார்கள், மாற்று வேலைகள் வருவதற்கு முன்பே மூடியது அங்கே பெரிய மனக்கசப்பானது. மூடுவதற்கு இரண்டு வருடம் முன்னாலேயே ஒப்பந்தத் தொழிலாளர்களைப் பெயர் பெயராக எழுதி, பேட்டரி, துணை மின்நிலைய வேலைகளுக்குப் பயிற்சி தொடங்கியிருக்க வேண்டும். பேட்டரி நிலையத்துக்கு அனல்மின் நிலையத்தில் பத்தில் ஒரு பங்கு ஆள்கூட வேண்டாம் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

இன்னொரு கூட்டத்துக்கு நிலையத்தை மூடுவது நஷ்டமில்லை, நிம்மதி. முதலில் சொன்ன அந்த 600 மெகாவாட் அலகு நாளொன்றுக்கு 7,000 டன்னுக்கு மேல் கரி எரிக்கும், நம் நாட்டுக் கரியில் மூன்றில் ஒரு பங்கு சாம்பல், அதாவது தினமும் 2,000 டன்னுக்கு மேல். அது பல வருடமாகக் கொசஸ்தலையாற்றின் முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் குளமாகத் தேங்கியிருக்கிறது. காட்டுக்குப்பத்து மீனவர்களுக்கும், கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்களுக்கும் பாய்லரை அணைப்பதோடு விஷயம் முடியாது, தேங்கிய சாம்பலை அள்ளிக் கழிமுகத்தை மீட்டுக் கொடுத்தால்தான் முடியும். 2021 டிசம்பரில் வந்த மத்திய அறிவிக்கை பழைய சாம்பலைப் பத்து வருடத்துக்குள் பயன்படுத்தித் தீர்க்கச் சொல்கிறது. அள்ளும் வேலைக்கும் ஆள் வேண்டும், அதே ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு அது சில வருட வேலை. மூடும் செலவில் இதற்கான பணத்தை முதலிலேயே தனியாக எடுத்துவைக்காவிட்டால் அப்புறம் யாரும் தர மாட்டார்கள்.

இதை நீங்கள் கையில் எடுப்பதென்றால், மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் கருத்துக்கேட்புக் கூட்டங்களில் பொதுமக்கள் பேசலாம், எழுதியும் கொடுக்கலாம். "எப்போது மூடுவீர்கள்" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். முதல் கட்டத்தின் மூன்று அலகுகளும் போன ஜூலையில் எத்தனை மணி நேரம் ஓடின, அதே மணிகளில் எவ்வளவு காற்றாலை மின்சாரத்தை நிறுத்தச் சொன்னீர்கள் என்று கேளுங்கள். அந்த இரண்டு எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் மழுப்ப முடியாது. தினசரி மின் நிலவரம் மாநில, தென்மண்டலச் சுமை மேலாண்மை மையங்களின் இணையதளங்களில் வருகிறது, 288 கட்டங்களை அதிலிருந்தே ஓரளவு நிரப்பலாம். நிரப்பியதும் இங்கேயே போடுங்கள், நவம்பர் பத்தியை நான் சரிபார்த்துத் தருகிறேன், அங்கேதான் எல்லாருக்கும் கணக்கு தவறும்.